சீனியும் புற்றுநோயும்: ஒரு வினாவின் வரலாறு

சீனி உண்பதனாற் புற்றுநோய் வளருமா என்னும் வினா இன்று வீட்டு முற்றங்களிலும் பேசப்படும் ஒன்றாகிவிட்டது. சீனியே புற்றுநோயின் தீனி என்று அடித்துக் கூறுவோர் உளர். அது வெறும் மூடநம்பிக்கை எனக் கைகழுவி விடுவோரும் உளர். இவ்வினாவுக்கு நூறாண்டு வரலாறு ஒன்றிருப்பதை இருசாராரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்கினால், ஆய்வுகூடத்து எலிகள் எதைக் காட்டின என்பது மாத்திரமன்றி, அவ்வெலிகளுக்குத் தீனி வாங்கப் பணங் கொடுத்தோர் யாவர் என்பதும் நாம் கேட்டறிய வேண்டிய ஒன்றென்பது புலனாகும்.

வரலாறு ஜேர்மனியிலே தொடங்குகின்றது. பேர்லின் நகரின் டாலம் பகுதியிலிருந்த கைசர் வில்ஹெல்ம் ஆராய்ச்சி நிலையத்தில் 1920களின் முற்பகுதியிற் பணியாற்றிய ஒட்டோ வார்பேர்க், எலிகளிடத்துத் தோன்றிய கட்டிகளை மெல்லிய துண்டுகளாக அரிந்து, அவ்விழையத் துண்டுகள் எவ்வளவு ஒட்சிசனை உட்கொள்கின்றன, எவ்வளவு அமிலத்தை வெளிவிடுகின்றன என்று அளந்தார். ஒட்சிசன் போதியளவு கிடைக்குமிடத்து உடலின் கலங்கள் குளுக்கோசை முற்றாக எரித்துச் சத்தியைப் பெறுவதே பொது வழக்கு. ஓடிக் களைத்த தசையிற் போல ஒட்சிசன் போதாதவிடத்து மட்டுமே அவை குளுக்கோசை அரைகுறையாக உடைத்து இலத்திக்கமிலமாக்கும். கட்டியின் கலங்களோ, ஒட்சிசன் தாராளமாக இருந்தபோதும் இவ்வரைகுறை வழியையே பெரிதும் நாடின. இவ்வழியிற் கிடைக்கும் சத்தி மிகச் சிறிது. ஆகையாற் செலவாகும் குளுக்கோசோ மிக அதிகம். மதுவம் சீனியை நொதிக்கச் செய்வதை ஒத்த செயல் இது.

வார்பேர்க்கின் வாழ்க்கையும் விசித்திரமானதே. 1931இல் அவர் பெற்ற நோபல் பரிசு புற்றுநோய் ஆராய்ச்சிக்கு உரியதெனப் பலர் எழுதிவருகின்றனர்; அது சுவாச நொதியத்தைப் பற்றிய கண்டுபிடிப்புக்கே வழங்கப்பட்டது. தந்தை வழியில் யூத மரபினரான அவர், யூதர்களைக் கொன்றொழித்த நாஜி ஆட்சியிலே, தலைநகரிலேயே தமது ஆராய்ச்சியை நடத்திவந்தார். 1941இற் பதவியினின்று நீக்கப்பட்டபோதும் சில வாரங்களுள் மீண்டும் அமர்த்தப்பட்டார். ஆட்சியாளருக்குப் புற்றுநோய் மீதிருந்த அச்சமே அவரைக் காத்தது என்பர். ஆய்வுகூடத்தின் கதவை அடைத்துக்கொண்டால் அரசியல் உள்ளே வராது என்று நம்புவோர் இவர் கதையைப் படித்தல் நன்று.

கலத்தின் சுவாசம் பழுதுறுவதே புற்றுநோயின் மூலகாரணம் என 1956ஆம் ஆண்டிலும் வார்பேர்க் வாதாடினார். அவர் கண்ட காட்சி நிலைத்தது. அதற்கு அவர் கூறிய விளக்கம் நிலைக்கவில்லை. பெரும்பாலான கட்டிகளிற் சுவாசம் பழுதுறாமலே நடைபெறுகின்றது என்பதும், பரம்பரையலகுகளில் ஏற்படும் மாற்றங்களே நோய்க்கு அடிப்படை என்பதும் பின்னர் தெளிவாயின.

இவ்விடத்து, ஐக்கிய அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஆராய்ந்த கார்ல் கோரி, கேர்ட்டி கோரி என்னும் தம்பதியரை நினைவுகூர வேண்டும். 1925ஆம் ஆண்டில் அவர்கள், ஒரு சிறகிற் கட்டியுள்ள கோழியின் இரு சிறகுகளிலிருந்தும் வெளிவரும் குருதியை ஒப்பிட்டனர். கட்டியுள்ள சிறகின் குருதியிற் குளுக்கோசு குறைந்தும் இலத்திக்கமிலம் மிகுந்தும் இருந்தன. உயிருள்ள உடலிலும் கட்டி குளுக்கோசை விழுங்குகின்றது என்பது இதனாற் பெறப்பட்டது. இன்று கதிர்வீசும் குளுக்கோசுப் போலியை நோயாளியின் உடலிற் செலுத்திக் கட்டியிருக்கும் இடத்தைப் படம் பிடிக்கும் முறையும் இவ்வியல்பையே பயன்கொள்கின்றது.

அவ்வாறாயின் சீனியை நிறுத்தினாற் கட்டி பட்டினியால் மடியாதா? இக்கேள்விக்கு விடையின் ஒரு பகுதியை அளித்தோரும் அதே கோரி தம்பதியரே. தசையில் உண்டாகும் இலத்திக்கமிலம் குருதிவழி ஈரலை அடைந்து மீண்டும் குளுக்கோசாகின்றது என்று அவர்கள் காட்டினர். உண்ணாதவிடத்தும் ஈரல் புரதத்திலிருந்து கூடக் குளுக்கோசை ஆக்கிக் குருதியில் அதன் அளவைக் காத்துநிற்கும். மூளைக்கு அது வேண்டும். தேநீர்க் கோப்பையிலிருந்து சீனியை விலக்கலாம், குருதியிலிருந்து விலக்கவியலாது. சோற்றையும் பழத்தையும் விலக்குமாறு நோயாளிக்கு உபதேசிப்போர் கட்டியைப் பட்டினி போடுவதில்லை, நோயாளியையே பட்டினி போடுகின்றனர். ஏற்கெனவே உடல் மெலிந்தவர் மேலும் மெலிந்தாற் சிகிச்சையைத் தாங்கும் வலுவையும் இழப்பர். நோயுற்றவர்மேல், அவருண்ட இனிப்பே இதற்குக் காரணம் என்று பழியேற்றுவது கொடுமையினும் கொடுமை.

ஆயினும் வினா இத்துடன் முடிந்துவிடவில்லை. மிகுதியான சீனி உடற்பருமனைக் கூட்டும். பருமன் இன்சுலினையும் அழற்சியையும் கூட்டும். இன்சுலின் கலங்களின் பெருக்கத்தைத் தூண்டவல்லது. உடற்பருமனுடன் தொடர்புடைய புற்றுநோய்கள் 13 வகையின என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2016இல் அறிவித்தது. 2019இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்று, ஏறத்தாழ ஓரிலட்சம் மக்களை நோக்கி, நாள்தோறும் இனிப்புப் பானம் 100 மில்லிலீற்றர் கூடுந்தோறும் புற்றுநோய் வாய்ப்பு 18 வீதம் கூடியிருக்கக் கண்டது. தொடர்பு வேறு, காரணம் வேறு என்பது உண்மை. எனினும் மேலும் ஆராய்வதற்கு இவை போதிய நியாயங்களாம். அவ்வாராய்ச்சியை ஒருமுறை இடைநிறுத்தியோர் யாவர் என்பதே இனி நாம் சொல்லவேண்டியது.

1943இல் ஐக்கிய அமெரிக்காவின் சீனி முதலாளிகள் ஆராய்ச்சி மன்றமொன்றை நிறுவினர். 1967இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஒரு கட்டுரை, இருதய நோயின் பழியைச் சீனியிலிருந்து விலக்கிக் கொழுப்பின்மேற் சுமத்தியது. அதற்கு அம்மன்றம் 6,500 டொலர் கொடுத்திருந்தமை கட்டுரையிற் கூறப்படவில்லை. மறு ஆண்டில் அதே மன்றம் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக்குப் பணமளித்தது. சீனியுண்ட எலிகளையும் மாப்பொருளுண்ட எலிகளையும் ஒப்பிட்டபோது, சிறுநீர்ப்பைப் புற்றுநோயுடன் தொடர்புடையதென அந்நாளிற் கருதப்பட்ட ஒரு நொதியம் சீனியுண்டவற்றின் சிறுநீரில் மிகுந்திருந்தது. இதனாற் சீனி புற்றுநோயை உண்டாக்கும் என்பது நிறுவப்பட்டதாகாது. அது ஒரு தடயமே. தொடர்ந்து செல்லவேண்டிய தடயம். ஆய்வாளர் மேலும் சில வாரம் கேட்டார். மன்றம் 1970இற் பணத்தை நிறுத்தியது.

அக்காலச் சூழலை மறத்தலாகாது. விலங்குகளிற் புற்றுநோய் விளைவிக்கும் சேர்மானம் எதனையும் உணவிற் சேர்க்கலாகாது என 1958ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் கூறிற்று. சீனிக்குப் போட்டியாய் மலிவாக வந்த சைக்கிளமேற்று என்னும் செயற்கை இனிப்பு, 1969இல் அச்சட்டத்தின் பேரிலேயே தடைசெய்யப்பட்டது. எலிகளின் சிறுநீர்ப்பையிற் கட்டிகள் காணப்பட்டமையே காரணம். அவ்வினிப்பின் தீங்கைக் காட்டும் ஆராய்ச்சிகளுக்குச் சீனி முதலாளிகள் பெரும் பணம் செலவிட்டிருந்தனர். போட்டியாளனின் இனிப்பு எலிக்குச் செய்யும் தீங்கில் அத்துணை அக்கறை. தமது இனிப்பு எலிக்குச் செய்வதை அறிய இன்னுஞ் சில வாரம் பொறுக்க மனமில்லை!

பேர்மிங்ஹாம் முடிவுகள் எச்சஞ்சிகையிலும் வெளிவரவில்லை. 47 ஆண்டுகள் கழிந்து, 2017இல், கலிபோர்னியாவைச் சேர்ந்த பல் மருத்துவரான கிறிஸ்டின் கேர்ன்ஸும் அவர்தம் சகாக்களும் பழைய கடிதக் கோவைகளைத் துருவி இச்செய்தியை வெளிக்கொணர்ந்தனர். சீனிச் சங்கம் உடனே மறுமொழி விடுத்தது: ஆய்வு தாமதித்தது, செலவு கூடியது, நிறுவனமும் அப்போது மாற்றியமைக்கப்பட்டது என்றது. மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். அதுவரை எலிகளிற் கண்டதை ஏன் அச்சிடவில்லை என்பதற்கு அவற்றுள் எதுவும் விடையன்று.