ஒட்டகச்சிவிங்கிகளின் அணிவகுப்பு

யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளனாக இருந்த காலத்தில், ஐரோப்பியக் காலனித்துவம் பற்றிய பாடத்தை ஒரு கேலிச்சித்திரத்துடன்தான் தொடங்குவேன். மியூனிச் நகரிலிருந்து வெளிவந்த ‘சிம்ப்ளிசிஸிமுஸ்’ வார ஏட்டில் 1904இல் தோமஸ் தியோடோர் ஹைனெ வரைந்தது அது. நான்கு கட்டங்களில் நான்கு நாடுகள் காலனிகளை ஆளும் விதம். ஆங்கிலேயர் ஆபிரிக்கனுக்கு விஸ்கியைப் புகட்டி, இயந்திரத்தில் வைத்துக் காசாகப் பிழிகிறார்கள். பக்கத்தில் பாதிரியார் வேதம் வாசிக்கிறார். பிரெஞ்சுச் சிப்பாய்கள் கறுப்பினப் பெண்களுடன் சல்லாபிக்கிறார்கள். பெல்ஜிய மன்னர் லெயோபோல்ட் மனிதனை நெருப்பில் வாட்டித் தின்கிறார். ஜேர்மனியனோ ஒட்டகச்சிவிங்கிகளுக்கு இராணுவ நடை பழக்குகிறான். முதலைக்கு வாய்ப்பூட்டுப் போடுகிறான். இந்தக் கட்டத்தில்தான் வகுப்பு அதிகம் சிரிக்கும்.

“தன் நாட்டையும் விட்டுவைக்காத கலைஞன்” என்பேன். ஆதாரமும் இருந்தது. 1898இல் கைசரின் பாலஸ்தீனப் பயணத்தைக் கேலிசெய்ததற்காகச் சிறை சென்றவர் ஹைனெ.

இன்று ஜேர்மனியில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறேன். அண்மையில் இரவு வேலை முடிந்து வரும் வழியில், பழைய பொருட்கள் விற்கும் சந்தையில் அச்சித்திரத்தைப் பெரிதாக அச்சிட்ட தொகுப்பொன்று கிடைத்தது. அப்போதுதான் கவனித்தேன்: ஜேர்மனியக் கட்டத்தில் வதைபடும் மனிதர் எவருமில்லை. மிருகங்கள் மட்டுமே.

அது வெளிவந்த மே மாதத்தில், இன்றைய நமீபியாவில், ஜேர்மனிய ஆட்சிக்கெதிராக எழுந்த ஹெரெரோ மக்கள்மீது போர் நடந்துகொண்டிருந்தது. ஒக்டோபரில் தளபதி லோதர் வொன் ட்ரோத்தா, ஹெரெரோக்கள் நாட்டைவிட்டு வெளியேறவேண்டும், இல்லையேல் சுடப்படுவர் என்று கட்டளையிட்டார். வரண்ட ஒமஹெகே நிலத்துக்குத் துரத்தப்பட்ட பல்லாயிரவர் தாகத்தால் மாண்டனர். அதை இனப்படுகொலை என்று ஜேர்மனிய அரசு ஒப்புக்கொள்ள 2021 வரை சென்றது.

ஹைனெ கோழையல்ல. ஆயினும் பிறர் செய்தது அவருக்குக் குற்றமாகத் தெரிந்தது. தன்னவர் செய்தது குணக்கோளாறாகத் தெரிந்தது. 1914இல் உலகப்போர் தொடங்கியதும் அதே ஏடு அரசின் பக்கம் நின்று எதிரி நாடுகளைக் கேலிசெய்தது. 1933இல், யூதரான ஹைனெ நாட்டைவிட்டு ஓடவேண்டி வந்தது. அவரில்லாமலே, நாஜிகளுக்கு இசைந்து, ஏடு 1944 வரை வெளிவந்தது.

இதை எழுதுவது ஹைனெயைக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது நான் மாணவன். பின்னர் விரிவுரையாளனாக அரசின் கொடுமைகளைப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுக்கச் செய்தேன்; இதை “தவறானதொரு முடிவு” என்று ஒரே வசனத்தில் கடந்தேன். அந்த வசனத்தில் பெட்டி படுக்கையுடன் நடந்த மனிதர் எவருமில்லை. இரண்டு கொடுமைகளையும் சமப்படுத்தவில்லை. சொல்லும் முறையைத்தான் ஒப்பிடுகிறேன்.

நமது சஞ்சிகைகளிலும் எதிரியின் கோரைப்பற்களைத் தத்ரூபமாக வரைந்திருக்கிறோம். நமக்கென்று ஒதுக்கிய கட்டத்தில் யாரை வரையாமல் விட்டோம்?