மின் இணைப்பிகளைக் கம்பியில் பற்றவைத்தல்

மின் இணைப்பிகளைக் கம்பியில் பற்றவைத்தல் என்பது, மின்கம்பியின் செம்பு இழைகளையும் இணைப்பியின் உலோக முனையையும், அவற்றை விடக் குறைந்த வெப்பநிலையில் உருகும் பற்றாசு என்னும் கலப்புலோகத்தைக் கொண்டு நிலையாக இணைக்கும் முறையாகும். பேச்சு வழக்கில் இது சால்டரிங் என்றும் ஈயம் வைத்தல் என்றும் வழங்கப்படுகின்றது. தொலைக்கட்டுப்பாட்டு வானூர்திகள், சிறு தானுந்துகள், எந்திரன்கள், ஒலிபெருக்கிகள் முதலியவற்றைப் பொழுதுபோக்காக உருவாக்குவோர் தொடக்கத்திலேயே கற்க வேண்டிய வேலைகளுள் இதுவும் ஒன்று.

இவ்வேலையின் அடிப்படை விதி ஒன்றே. பற்றாசை உருக்க வேண்டியது சூடான கம்பியும் இணைப்பி முனையுமே ஆகும். இவ்விதி மீறப்பட்ட இணைப்பு பார்வைக்குச் சரியாகத் தோன்றினும், மிகுந்த மின்னோட்டம் பாயும்போது சூடேறிப் பழுதடையும்.

செயற்படும் விதம்

பற்றாசு பசையைப் போல் ஒட்டுவதில்லை. உருகிய நிலையில் அதிலுள்ள வெள்ளீயம், செம்பின் மேற்பரப்புடன் வினைபுரிந்து மிக மெல்லிய சேர்மப் படலம் ஒன்றை உருவாக்குகின்றது. இப்படலமே இரு உலோகங்களையும் பிணைக்கின்றது. இது உருவாக இரண்டு நிபந்தனைகள் உள்ளன. செம்பின் மேற்பரப்பு ஆக்சைடு இன்றித் தூய்மையாக இருத்தல் வேண்டும். செம்பும் பற்றாசின் உருகுநிலைக்கு மேல் சூடாகியிருத்தல் வேண்டும்.

முதல் நிபந்தனையை நிறைவேற்ற உதவுவது இளக்கி ஆகும். கடைகளில் இது ஃபிளக்ஸ் என்றும் பேஸ்ட் என்றும் கிடைக்கின்றது. மின்னணு வேலைக்கான பற்றாசுக் கம்பியின் உட்புறத்திலேயே, பைன் மரப் பிசினிலிருந்து பெறப்படும் ரோசின் இளக்கி நிரப்பப்பட்டிருப்பது வழக்கம். இது சூடானதும் ஆக்சைடை அகற்றி, மேற்பரப்பில் மீண்டும் காற்றுப் படாமல் காக்கின்றது. பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் நவச்சாரம் தூவித் துடைப்பதும் இதே காரணத்திற்காகவே. எனினும் நவச்சாரம், துத்தநாகக் குளோரைடு போன்ற அரிக்கும் இளக்கிகளை மின்கம்பிகளில் பயன்படுத்தலாகாது. இழைகளுக்கு இடையே தங்கும் எச்சம் நாளடைவில் செம்பை அரித்துவிடும்.

இரண்டாவது நிபந்தனை தடித்த கம்பிகளில் கடினமாகின்றது. செம்பு வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால், சால்டரிங் அயர்னின் முனையில் உள்ள வெப்பம் கம்பி வழியே பரவிவிடும். 25 வாட் கருவியால் தடித்த கம்பியை நெடுநேரம் சூடேற்றினால், பற்றாசு உருகுவதற்கு முன்னரே மின்காப்பு உறை இளகிவிடக் கூடும். ஆற்றல் மிகுந்த கருவியால் சில நொடிகள் மட்டும் சூடேற்றுவது உறைக்கும் இணைப்பிக்கும் குறைந்த தீங்கே விளைவிக்கும்.

பற்றாசு வகைகள்

தமிழில் ஈயம் என்னும் சொல் வெள்ளீயம், காரீயம் ஆகிய இரு வேறு தனிமங்களையும் குறிக்க வழங்குவதால் குழப்பம் ஏற்படுவதுண்டு. பாத்திரங்களுக்குப் பூசப்பட வேண்டியது வெள்ளீயம். சால்டரிங் கம்பியிலோ வெள்ளீயத்துடன் நச்சுத்தன்மை கொண்ட காரீயமும் பல வேளைகளில் கலந்திருக்கும். எனவே மின்னணு வேலைக்கான கம்பியைக் கொண்டு உணவுப் பாத்திரங்களின் ஓட்டையை அடைக்கலாகாது.

பொழுதுபோக்கு மின்னணுவியலில் பயன்படும் முதன்மையான வகைகள் பின்வருமாறு:

* 63 விழுக்காடு வெள்ளீயம், 37 விழுக்காடு காரீயம்: 183 பாகை செல்சியசில் முழுமையாக உருகி, அதே வெப்பநிலையில் இறுகும். தொடக்கநிலையினருக்கு எளிதானது.
* 60 விழுக்காடு வெள்ளீயம், 40 விழுக்காடு காரீயம்: 183 பாகையில் உருகத் தொடங்கி, ஏறத்தாழ 190 பாகையில் முழுத் திரவமாகும். இடைப்பட்ட குழைவு நிலையில் கம்பி அசைந்தால் இணைப்பு பழுதாகும்.
* 99.3 விழுக்காடு வெள்ளீயம், 0.7 விழுக்காடு செம்பு: காரீயம் அற்றது, 227 பாகையில் உருகும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தீங்குதரு பொருட்கள் கட்டுப்பாட்டு நெறிமுறை 2006 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், தொழிற்சாலைகளில் காரீயமற்ற பற்றாசின் பயன்பாடு பெருகியது.

கருவிகள்

* 60 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தக்கூடிய சால்டரிங் அயர்ன். தடித்த கம்பிக்கு ஊசி முனையை விட உளி வடிவ முனையே ஏற்றது. தொடும் பரப்பு மிகுதியாக இருப்பதால் வெப்பம் விரைவாகக் கடத்தப்படும்.
* ரோசின் நிரம்பிய பற்றாசுக் கம்பியும் சிறிதளவு ரோசின் இளக்கியும்.
* உறை நீக்கி, பிடிப்பான், பல்பயன் மின்னளவி.
* வெப்பத்தால் சுருங்கும் மின்காப்புக் குழாய்.

செய்முறை

எடுத்துக்காட்டாக, தொலைக்கட்டுப்பாட்டு மாதிரிகளின் மின்கல அடுக்குகளில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்டி60 வகை இணைப்பியைக் கொள்ளலாம். இதில் நைலான் உறைக்குள் 3.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள, பொன் முலாம் பூசிய இரு முனைகள் உள்ளன. ஒவ்வொரு முனையின் பின்புறமும் கம்பியை வைப்பதற்கான கிண்ணம் போன்ற குழிவு உண்டு. இதனுடன் பெரும்பாலும் 2 முதல் 3.3 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள கம்பி இணைக்கப்படுகின்றது.

1. சுருங்கு குழாயை முதலிலேயே கம்பியில் கோத்து, சூடு படாத தொலைவுக்குத் தள்ளி வைக்க வேண்டும். இதை மறந்தால், முடிந்த இணைப்பைப் பிரித்து மீண்டும் தொடங்க நேரிடும்.
2. கிண்ணத்தின் ஆழத்துக்குச் சமமான நீளத்திற்கு மட்டும் உறையை நீக்க வேண்டும். இழைகள் அறுபடலாகாது.
3. இழைகளை முறுக்கி, கீழிருந்து சூடேற்றி, மறுபுறத்தில் பற்றாசைத் தொட வேண்டும். பற்றாசு தானே இழைகளுக்குள் ஊறிச் சென்றால் சூடு போதுமானது. பூச்சுக்குப் பின்னும் இழைகளின் வடிவம் தெரிய வேண்டும்.
4. இணைப்பியை, எதனுடனும் இணைக்கப்படாத அதன் இணையில் செருகிப் பிடிப்பானில் பொருத்த வேண்டும். நைலான் சற்று இளகினாலும் முனைகள் இடம் மாறாதிருக்க இது உதவும். பிடிப்பானின் உலோகத் தாடைகள் வெப்பத்தை இழுக்காதிருக்க மரத்துண்டுகளை இடையில் வைக்கலாம்.
5. உறையில் பொறிக்கப்பட்டுள்ள நேர், எதிர்க் குறிகளைக் கம்பியின் நிறத்துடன் ஒப்பிட்டு உறுதி செய்ய வேண்டும். சிவப்பு நேர் முனைக்கும் கறுப்பு எதிர் முனைக்கும் உரியன.
6. கிண்ணத்தைச் சூடேற்றி, ஏறத்தாழப் பாதி அளவுக்குப் பற்றாசால் நிரப்ப வேண்டும்.
7. சூடு நீங்குமுன் கம்பியைக் கிண்ணத்தில் இறக்கி, இரண்டிலும் உள்ள பற்றாசு ஒன்றாகக் கலந்து ஓடியபின் சால்டரிங் அயர்னை எடுக்க வேண்டும். பற்றாசு இறுகும் வரை கம்பியை அசைக்கலாகாது.
8. ஆறியபின் கம்பியை மெல்ல இழுத்துப் பார்த்து, இரு முனைகளுக்கும் இடையே குறுக்குச்சுற்று இல்லை என்பதை மின்னளவியால் உறுதி செய்து, குழாயை நகர்த்திச் சுருக்க வேண்டும்.

மின்கலத்தின் பக்கத்தில், தொடுமுனைகள் உள்ளடங்கிய இணைப்பியே பொருத்தப்பட வேண்டும். வெளியே நீட்டிய முனைகள் உலோகப் பொருட்களைத் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும்.

குறைபாடுகள்

குளிர்ந்த இணைப்பு: கம்பியோ முனையோ போதிய அளவு சூடாகாததால் ஏற்படுவது. பற்றாசு விளிம்பில் படிந்து பரவாமல், தாமரை இலை நீர் போல உருண்டு நிற்கும். பளபளப்பை மட்டும் கொண்டு இதைக் கண்டறிய முடியாது. காரீயமற்ற பற்றாசு நல்ல இணைப்பிலும் மங்கலாகவே தோன்றும்.

அசைந்த இணைப்பு: இறுகும்போது கம்பி நகர்ந்ததால், மேற்பரப்பு சொரசொரப்பாகவோ விரிசலுடனோ காணப்படும்.

மேலேறிய பற்றாசு: அளவுக்கு மிஞ்சிய பற்றாசு உறைக்குள் ஊறிச் சென்று கம்பியை விறைப்பாக்கும். விறைத்த பகுதி முடியும் இடத்தில் கம்பி மீண்டும் மீண்டும் வளைந்து இழைகள் முறியும். சுருங்கு குழாய் மின்காப்பு அளிப்பதுடன் இவ்விடத்தைத் தாங்கவும் செய்கின்றது.

மின்தடையும் வெப்பமும்

இணைப்பில் வீணாகும் திறன், மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கிப் பெறப்படுகின்றது. 30 ஆம்பியர் பாயும் இணைப்பின் மின்தடை 0.2 மில்லி ஓம் எனில் 0.18 வாட் மட்டுமே வெப்பமாகும். பழுதான இணைப்பில் அது 5 மில்லி ஓம் எனில் 4.5 வாட் வெப்பம் சிறு நைலான் உறைக்குள் உருவாகும். அவ்வெப்பம் இணைப்பை மேலும் சிதைத்து மின்தடையைக் கூட்டும்.

சாதாரண மின்னளவியின் தொடர்ச்சிச் சோதனையில் மிகச் சிறிய மின்னோட்டமே பாய்வதால், இவ்விரு இணைப்புகளும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே முதன்முறை இயக்கியபின், மின்கலத்தைத் துண்டித்துவிட்டு, இணைப்பியைத் தொட்டுச் சூட்டை அறிவது பயனுள்ள சோதனையாகும்.

நெரித்துப் பொருத்துதலுடன் ஒப்பீடு

உலோக முனையைக் கம்பியின் மீது நெரித்துப் பொருத்தும் முறை, அதிர்வு மிகுந்த தானுந்துகளிலும் வானூர்திகளிலும் பரவலாகப் பயன்படுகின்றது. உரிய கருவி இருப்பின் ஒவ்வொரு முறையும் ஒரே தரம் கிடைக்கும். கிண்ணம் கொண்ட முனைகளுக்குப் பற்றவைத்தலே உரியது. திருகால் இறுக்கப்படும் முனையங்களில் செருகும் கம்பிக்குப் பற்றாசு பூசலாகாது. அழுத்தத்தில் பற்றாசு மெல்ல நெகிழ்ந்து பிடி தளரும்.

பாதுகாப்பு

இலித்தியம் பாலிமர் மின்கலத்தில் இணைப்பியை மாற்றும்போது, இரு கம்பிகளையும் ஒரே வெட்டில் நறுக்குவது மிகவும் தீங்கானது. வெட்டும் கருவியே குறுக்குச்சுற்றாகி, தீப்பொறியும் தீயும் உண்டாகக் கூடும். ஒரு கம்பியை வெட்டி, பற்றவைத்து, மின்காப்பு செய்த பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும்.

பற்றவைக்கும்போது எழும் புகை பெரும்பாலும் இளக்கியிலிருந்து வருவது. ரோசின் புகை ஈளை நோயைத் தூண்டக்கூடும். காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்தல் நன்று. இவ்வெப்பநிலையில் காரீயம் குறிப்பிடத்தக்க அளவு ஆவியாவதில்லை. கைகள் வழியாகவே வாயைச் சென்றடைகின்றது. எனவே வேலையின்போது உண்பதைத் தவிர்த்து, முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* பற்றாசு
* மின்தடை
* இலித்தியம் பாலிமர் மின்கலம்