தொலைக்காட்சிக்காக மாறிய விளையாட்டுகள்: பெயின்ட்பால் தடுமாறியது ஏன்? கபடி வென்றது எப்படி?

திருப்பதி: மைதானத்தில் விறுவிறுப்பூட்டும் எல்லா விளையாட்டுகளும் தொலைக்காட்சித் திரையில் அதே விறுவிறுப்பைத் தருவதில்லை. திரைக்கு ஏற்ப விதிகளை மாற்றிக்கொண்டும் நிலைத்த இடம் பெறாதது பெயின்ட்பால். அதே முயற்சியில் வெற்றி கண்டது கபடி. தமிழர்கள் சடுகுடு என்றும் தெலுங்கர்கள் செடுகுடு என்றும் அழைத்துவந்த இந்த ஆட்டம், திருப்பதி, சித்தூர் மாவட்ட இளைஞர்களுக்கு இன்று வருவாய்க்கான வழியாகவும் தெரிகிறது. இரு விளையாட்டுகளும் திரைக்காக மாறிய விதம் குறித்து இத்தொகுப்பில் காணலாம்.

சுடாமலே வென்றவர்

பெயின்ட்பால் முதன்முதலில் 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள ஹென்னிகரில் விளையாடப்பட்டது. மரங்களிலும் கால்நடைகளிலும் அடையாளமிடுவதற்கான வண்ணக் குண்டுத் துப்பாக்கியுடன் 12 பேர் காட்டுக்குள் இறங்கினர். பிறர் கண்ணில் படாமல் கொடிகளைச் சேகரித்தவர், ஒருமுறைகூடச் சுடாமலே வென்றார்.

தொலைக்காட்சிக்கான சிக்கலும் இதில்தான் தொடங்கியது. ஒளிந்திருப்பதே இந்த ஆட்டத்தின் திறமை. கேமராவுக்கோ வீரர் கண்ணில் பட வேண்டும். சுமார் 17 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 90 மீட்டர் வேகத்தில் பாய்வதால், யார் யாரைச் சுட்டார் என்பதைத் திரையில் பின்தொடர்வதும் கடினம்.

எக்ஸ்-பால் முயற்சி

இதனால் ஆட்டம் காட்டிலிருந்து சமதளத் திடலுக்கு மாறியது. மரங்களுக்குப் பதிலாகக் காற்றடைத்த தடுப்புகள் வைக்கப்பட்டன. பார்வையாளர்களின் பாதுகாப்புக்கு வலை கட்டப்பட்டது. 2000-களின் தொடக்கத்தில் 'எக்ஸ்-பால்' என்ற வடிவம் அறிமுகமானது. ஒருமுறை கொடியைக் கைப்பற்றினால் ஆட்டம் முடிந்தது என்ற நிலை மாறி, குறித்த நேரத்துக்குள் அதிகப் புள்ளிகள் எடுத்த அணியே வெற்றி பெறும் என்றானது. விதி மீறியவர்களுக்குத் தண்டனைப் பெட்டியும் வந்தது.

ஈ.எஸ்.பி.என். குழுமத்தின் சேனலில் சில போட்டிகள் ஒளிபரப்பாகின. எனினும் முகமூடி அணிந்த வீரர்களின் முகபாவம் தெரியாததும், பல மூலைகளில் ஒரே நேரத்தில் நிகழ்வுகள் நடப்பதும் தடையாகவே நீடித்தன. பின்னர் இணைய நேரலையே இவ்விளையாட்டின் முதன்மைத் தளமானது.

கபடியில் நடந்தது என்ன?

கபடிக்கு இயல்பிலேயே ஒரு சாதகம் உண்டு. 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட களம் ஒரே சட்டகத்தில் அடங்கிவிடும். ஒருவர் ஏழு பேரை எதிர்கொள்ளும் காட்சிக்கு விளக்கம் தேவையில்லை.

2014 ஜூலை 26 அன்று எட்டு அணிகளுடன் தொடங்கிய புரோ கபடி லீக், இந்தச் சாதகத்தை விதிகளால் மேலும் கூர்மையாக்கியது. ஒரு ரெய்டுக்கு 30 விநாடி மட்டுமே. தொடர்ந்து இரு ரெய்டுகளில் புள்ளி கிடைக்காவிட்டால், அடுத்தது 'டூ ஆர் டை' ரெய்டு. அதிலும் புள்ளி எடுக்காதவர் வெளியேற வேண்டும். களத்தில் மூன்று அல்லது அதற்குக் குறைவான தடுப்பாளர்கள் இருக்கும்போது ரெய்டரைப் பிடித்தால், 'சூப்பர் டேக்கிள்' என ஒரு கூடுதல் புள்ளி. பின்தங்கிய அணியும் மீண்டுவர வாய்ப்பளிப்பதால், கடைசி நிமிடம் வரை ரசிகர்கள் திரையை விட்டு அகல்வதில்லை.

இதன் பலன் வீரர்களின் வருவாயில் தெரிந்தது. 2014 ஏலத்தில் அதிகபட்சத் தொகை ராகேஷ் குமாருக்குக் கிடைத்த ரூ.12.80 லட்சம். 2023 ஏலத்தில் பவன் செராவத்தைத் தெலுங்கு டைட்டன்ஸ் ரூ.2.60 கோடிக்கு மேல் கொடுத்து எடுத்தது.

திருப்பதி, சித்தூரில் தாக்கம்

தமிழும் தெலுங்கும் அருகருகே புழங்கும் சித்தூர், நகரி பகுதிகளில் தெலுங்கு டைட்டன்ஸ், தமிழ் தலைவாஸ் ஆகிய இரு அணிகளையும் சொந்த அணியாகக் கருத இடமுண்டு. போட்டிகளுக்கு இரு மொழிகளிலும் வர்ணனை வழங்கப்படுகிறது. திருப்பதியில் 2022 ஜனவரியில் தேசிய அளவிலான கபடிப் போட்டிகள் நடைபெற்றன. ஆந்திர அரசு 2023 டிசம்பர் 26 அன்று தொடங்கிய 'ஆடுதாம் ஆந்திரா' போட்டிகளிலும் கபடி இடம்பெற்றது.

மாற்றத்தின் மறுபக்கம்

தொலைக்காட்சிக் கபடி, உள்ளரங்கில் செயற்கை விரிப்பின் மீது காலணியுடன் ஆடப்படுகிறது. மண்ணில் வெறுங்காலுடன் பழகிய கிராமத்து வீரர், கால் ஊன்றுவது முதல் திரும்புவது வரை மீண்டும் பயில வேண்டியுள்ளது. விரிப்பு வசதியில்லாத ஊர்களின் வீரர்கள் தேர்வுக்கு வரும்போதே பின்தங்கிவிடும் அபாயம் உள்ளது.

பெண்களுக்கான வாய்ப்பும் குறைவு. 2016-ல் மூன்று அணிகளுடன் நடந்த மகளிர் கபடி சேலஞ்ச், அடுத்த ஆண்டு தொடரவில்லை.

விதிகளைத் திருத்தி ஒரு விளையாட்டைத் திரைக்கு ஏற்றதாக்க முடியும் என்பதைக் கபடி காட்டியுள்ளது. அதன் பலன் கிராமத்துத் திடல்களையும் வீராங்கனைகளையும் சென்றடைய, விரிப்பு, பயிற்சியாளர், தொடர் போட்டிகள் ஆகிய மூன்றும் மாவட்ட அளவிலேயே கிடைக்க வேண்டும்.