கர்ப்பம் தெரியவருமுன்பே தேவைப்படும் மாத்திரை

போலிக் அமில மாத்திரை அரச கிளினிக்குகளில் இலவசமாகவே கிடைக்கிறது. இருந்தும், வன்னியில் நான் பேசிய தாய்மாரில் பலர் கிளினிக்கில் பதிந்த பிறகே அதை எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒருநாள் கிளினிக் போனால் அன்றைய கூலி இல்லை. அதனால், 'இரண்டு மாதம் போகட்டும், பதிவோம்' என்று இருந்துவிடுகிறார்கள். இந்த மாத்திரை மிக அதிகமாகப் பயன்படுவது அந்த இரண்டு மாதங்களில்தான்.

ஏன் முன்கூட்டியே?

பிள்ளையின் மூளையும் முண்ணாணும் நரம்புக் குழாயிலிருந்து உருவாகின்றன. கரு உருவாகி 28 நாட்களுக்குள் அந்தக் குழாய் மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் முள்ளந்தண்டுப் பிளவு, மூளையும் மண்டையோடும் வளராமை போன்ற குறைபாடுகள் ஏற்படும். 28 நாள் என்பது மாதவிலக்கு தள்ளிப்போய் ஏறக்குறைய இரண்டு வாரம். எட்டு வாரத்துக்குள் பதியச் சொல்கிறது சுகாதாரத்துறை. சொன்னபடி பதியும் தாய்க்குக்கூட அந்தக் கட்டம் கடந்திருக்கலாம்.

மருந்தின் கதை

இந்தச் சத்து ஏழைக் கர்ப்பிணிகளிடமிருந்தே அறியவந்தது. பம்பாயில் ஆலைத் தொழிலாளப் பெண்களின் இரத்தச்சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற மருத்துவர், மாமைட் கொடுத்தால் அது குணமாவதை 1931இல் எழுதினார். முன்பு நரம்புக் குழாய்க் குறைபாடுள்ள பிள்ளையைக் கருவுற்ற பெண்களிடம் நடந்த பன்னாட்டு ஆய்வொன்று 1991இல் வெளியானது. போலிக் அமிலம் எடுத்தவர்களுக்கு அக்குறைபாடு மீண்டும் வருவது 72 வீதம் குறைந்தது.

எவ்வளவு?

கருத்தரிக்க முயலும் நாளிலிருந்து 12 வாரம் வரை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் எடுக்குமாறு உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. கிளினிக்கில் தரும் மாத்திரையின் அளவு வேறாக இருக்கலாம். அவர்கள் சொன்னபடி எடுங்கள். முருங்கையிலை, பசளி, பயறு, கடலை ஆகியவற்றில் இந்தச் சத்து உண்டு. ஆனால் நீண்டநேரம் அவித்தால் பெரும்பகுதி அழிந்துவிடும். கீரை சாப்பிடுவது மாத்திரைக்கு ஈடாகாது.

யாருக்குக் கூடுதல் கவனம்?

போரில் தலைக்காயம் பட்டு வலிப்பு மாத்திரை எடுக்கும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வல்புரோயேற் போன்ற சில வலிப்பு மருந்துகள் இந்தக் குறைபாட்டின் ஆபத்தைக் கூட்டுகின்றன. அவர்களும், நீரிழிவு உள்ளவர்களும், முன்பு இக்குறைபாட்டுடன் பிள்ளை தங்கியவர்களும் கருத்தரிக்குமுன் வைத்தியரிடம் பேச வேண்டும். அவர்களுக்குக் கூடிய அளவு தேவைப்படலாம். வலிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது.

எங்கே கேட்பது?

உங்கள் கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேளுங்கள். புதுமணத் தம்பதியருக்கான கிளினிக்குகளிலும் போலிக் அமிலம் தருகிறார்கள். அழைப்பு வராவிட்டாலும் நீங்களாகவே போய்க் கேட்கலாம். அடுத்த பிள்ளைக்கு நினைப்பவர்களும் கேட்கலாம். 'பிள்ளைக்கு முயற்சிக்கிறோம், போலிக் அமிலம் வேணும்' என்றால் போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிந்திப்போனவர்களும் உடனே தொடங்குங்கள். இரத்தச்சோகையைத் தடுக்க கர்ப்பகாலம் முழுவதும் இந்தச் சத்து தேவை. இன்னொன்று: எல்லாக் குறைபாடும் போலிக் அமிலக் குறைவால் வருவதில்லை. குறைபாட்டோடு பிள்ளை பிறந்தால் தாயைக் குற்றஞ்சொல்வது நியாயமில்லை.