வல்லை வெளியில் கொதித்த ஒஸ்ரின்

யாழ்ப்பாணத்துப் பழைய கார்களைப் பற்றி எழுதுவோர் பலரும், பொருளாதாரத் தடைக் காலத்தில் அவை மண்ணெண்ணெயில் ஓடிய அதிசயத்தைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வர். ஓடின என்பது உண்மை. ஓடிய தூரமெல்லாம் கொதித்துக்கொண்டே ஓடின என்பதும் உண்மை. அந்தக் கொதிப்பின் காரணத்தைக் கண்டுபிடிப்பது ஒரு தனி வித்தையாக எங்கள் வடமராட்சியில் வளர்ந்தது. அதைக் கொஞ்சம் பதிந்து வைக்கலாமென்று தோன்றுகிறது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் பெற்றோல், டீசல், பற்றறி எல்லாம் தடைப்பட்ட பொருள்களாயின. 1977க்குப் பின் வந்திறங்கிய ஜப்பானியக் கார்கள் செங்கல் அடுக்கின் மேல் ஏறி ஓய்வெடுத்தன. கொட்டிலில் கோழி அடைக்க விட்டிருந்த ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஆகியவை வீதிக்கு வந்தன. இதன் காரணம் பிரித்தானியாவில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதன் பின் 1953 வரையிலும் அங்கே எல்லாக் கம்பனிகளின் எண்ணெயும் கலந்த மட்டமான பொதுப் பெற்றோலே கிடைத்தது. 1947இல் வந்த ஏ-40 டெவனும், 1952இல் வந்த சொமர்செற்றும் அந்தப் பெற்றோலைத் தாங்கும்படி குறைந்த அமுக்க விகிதத்தோடு, ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று என்ற அளவில், செய்யப்பட்டவை. ஒரு நாட்டின் போர்ப் பஞ்சத்துக்கெனச் செய்த எஞ்சின், நாற்பது ஆண்டுகள் கழித்து இன்னொரு நாட்டின் போர்ப் பஞ்சத்தில் கைகொடுத்தது.

ஆனால் மண்ணெண்ணெய் பொதுப் பெற்றோலைவிடவும் மட்டம். எஞ்சின் நன்றாகச் சூடேறினால்தான் அது ஆவியாகும். ஆகவே முதலில் பெற்றோல் துளிகளால் உயிர் கொடுத்து, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். 1949இல் பெர்கூசன் கம்பனி இவ்வகை எரிபொருளுக்கென்றே விற்ற உழவு இயந்திரத்திலும் இதே முறைதான். சூடு மிஞ்சினாலோ எண்ணெய் தன்பாட்டில் வெடித்து, உள்ளே சம்மட்டியால் அடிப்பது போல் ஓசை எழும். அதை அடக்க டிஸ்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பித் தீப்பொறியைப் பிந்த வைப்பார்கள். பிந்திய தீ, வேலை செய்ய வேண்டிய வெப்பத்தைச் சுவருக்கும் சைலன்சருக்கும் கொடுத்துவிடும். ரேடியேற்றர் கொதிக்கும். குளிர்ந்தால் நிற்கும், சூடேறினால் கொதிக்கும் என்ற இந்த இரண்டு எல்லைகளுக்கு இடையில்தான் எங்கள் சாரதிகள் ஐந்து ஆண்டுகள் கார் ஓட்டினார்கள்.

1993 ஓகஸ்ட். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவன். வயிற்றில் சத்திரசிகிச்சை முடிந்த அம்மாவை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியிலிருந்து கரவெட்டிக்குக் கூட்டி வர ஊரிலிருந்து ஒரு சொமர்செற் வந்தது. பொனற்றுக்குள் தொங்கிய சேலைன் போத்தலில் மிச்சமிருந்த பெற்றோல் முழுவதும் ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ரார்ட் பண்ணவே சரியாய்ப் போயிற்று. நீர்வேலி தாண்டும்போதே மணம் மாறியது. ஆவரங்காலில் பொனற்றின் விளிம்பில் ஆவி தெரிந்தது. வல்லை வெளி தொடங்கிய இடத்தில் சாரதி வேகத்தைக் குறைத்தார். நிற்பாட்டவில்லை.

நிற்பாட்ட முடியாது என்பதுதான் சிக்கல். நிறுத்தி ஆறவிட்டால் மண்ணெண்ணெயில் திரும்பக் கிளம்பாது. பெற்றோல் ஒரு துளியும் இல்லை. நிறுத்தாமல் போனால் நெல்லியடிக்கு முன் கஸ்கற் எரிந்துவிடும். பின்னால் தையல் பிரிக்காத வயிற்றோடு அம்மா. வெளியில் நிழலுக்கு ஒரு மரமில்லை.

சாரதி காரை வட்டமடித்து, வந்த திசைக்கே முகம் திருப்பினார்.

"ஏன் தம்பி திரும்பிப் போறம்?" என்றார் அம்மா.

"இல்லையக்கா, காருக்குக் கொஞ்சம் காத்து வாங்கக் குடுப்பம்."

சோழகக் காலம் அது. தென்மேற்கிலிருந்து வீசும் காற்று, வடமராட்சிக்குப் போகும் காருக்கு முதுகுக் காற்று. கார் ஓடும் வேகத்திலேயே காற்றும் ஓடினால் ரேடியேற்றருக்குள் என்ன புகும்? திருப்பி நிறுத்தியதும் வல்லைக் காற்று முழுவதும் அதன் முகத்தில் அறைந்தது. எஞ்சினைச் சற்று உயர்ந்த வேகத்தில் ஓடவிட்டு, சாக்கை மடித்து மூடியின் மேல் வைத்து, சீறல் அடங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். கானில் இருந்த நல்ல தண்ணீரை ஓடுகிற எஞ்சினுக்கு மெல்ல மெல்ல வார்த்தார். ஏரித் தண்ணீர் எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். "உப்புத் தம்பி. இண்டைக்கு வீட்டை போவம், நாளைக்கு இரும்புக் கடைக்குத்தான்" என்றார். நான் அம்மாவுக்குக் குடை பிடித்தபடி நின்றேன். ஏறத்தாழ இருபது நிமிடம். பிறகு காரைத் திருப்பி, மாட்டுவண்டி வேகத்தில் வீடு சேர்ந்தோம்.

மறுநாள் நெல்லியடியில் அந்தக் காரைப் பார்த்த மெக்கானிக்கை நான் இன்றுவரை மறக்கவில்லை. சூடு காட்டும் மானி எப்போதோ செத்திருந்தது. அவர் முதலில் ஒயில் கம்பியை இழுத்து மணந்தார். அளவு கோட்டுக்கு மேலே நின்றது. எரியாத மண்ணெண்ணெய் வழிந்து ஒயிலோடு கலந்திருந்தது. ஒயில் கூடியிருப்பதும் ஒரு நோய் என்று அன்றுதான் அறிந்தேன். ஆறியிருந்த ரேடியேற்றரின் மூடியைக் கழற்றி, எஞ்சினை ஓடவிட்டு, நீரில் குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை, கஸ்கற் தப்பியது. பெல்ற்றை விரலால் அழுத்தினார். எஞ்சின் சூடேறியதும் நிறுத்திவிட்டு ரேடியேற்றரின் மேல் உள்ளங்கையை மெல்ல நகர்த்தினார், வைத்தியர் வயிற்றைத் தடவுவது போல. சில இடம் சுட்டது, சில இடம் சில்லென்றிருந்தது. சில்லென்ற இடங்களுக்குள் தண்ணீர் போகவில்லை.

குற்றவாளி எங்கள் கிணறு. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல். கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைக் காவி, ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் ஆண்டுக்கணக்கில் படிந்திருந்தது. குத்துவிளக்குக்குப் போடும் புளியைக் கரைத்து ஊற்றி, ஒரு இரவு விட்டு, எதிர்ப்புறமாய்க் கழுவினார். வந்த நீர் மோர் போலிருந்தது. இனி மாரித் தண்ணீரைச் சேமித்து ஊற்றச் சொன்னார். ஒயிலை மாற்றவும் சொன்னார். புது ஒயிலுக்கு எங்கே போவது என்று சாரதி கேட்க, இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

2002இல் ஏ-9 பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்தபோது அதே கார் மறுபடி கொதித்தது. உரிமையாளர் புது பெல்ற் போட்டார், கொழும்பிலிருந்து ரேடியேற்றர் மூடி வருவித்தார். பயனில்லை. கடைசியில் அதே மெக்கானிக் வந்தார், வயதாகிவிட்டிருந்தது. பொனற்றைத் திறந்து சற்று நேரம் காது கொடுத்தார். டிஸ்ரிபியூட்டரின் திருகைத் தளர்த்தி ஒரு விரற்கடை அளவு திருப்பினார். எஞ்சினின் குரல் மாறியது.

"இது இன்னும் மண்ணெண்ணெய்யெண்டு நினைச்சுக்கொண்டு ஓடுது" என்றார்.