மாகாணி நிலம்: தஞ்சோங் ரம்புத்தான் வட்டாரத் தோட்டத் தமிழரின் தற்சார்பு மரபு

ஊரும் பொருளும்

தஞ்சோங் ரம்புத்தான் என்றதும் மலேசியர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது, 1911ஆம் ஆண்டில் அங்குத் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையே. அவ்வூர்ப் பெயரைக் கேலிப் பேச்சில் கையாளும் வழக்கமும் அதனால் வந்தது. ஆயின் ஈப்போவுக்கு வடகிழக்கே கிந்தா ஆற்றையொட்டி அமைந்த இச்சிற்றூருக்கு வேறொரு வரலாறும் உண்டு. சுற்றிலும் இருந்த ரப்பர்த் தோட்டங்களின் லயங்களில் மூன்று நான்கு தலைமுறைத் தமிழர் வாழ்ந்தனர். பகலில் பால்மரம் வெட்டிய அதே கைகள் மாலையில் தமக்கென்று சிறிது மண்ணைக் கொத்தின; விதை காத்தன; மாடு கறந்தன; முறம் புடைத்தன. நூல்களில் அதிகம் இடம்பெறாத அந்த இரண்டாம் உழைப்பே இவ்வுரையின் பொருள்.

தற்சார்பு என்பது ஒரு குடும்பம் தனக்கு வேண்டிய உணவு, எளிய மருந்து, எரிபொருள், புழங்குபொருள் ஆகியவற்றில் இயன்றதைத் தானே ஆக்கிக்கொள்ளும் அறிவு. நம் முன்னோரின் இவ்வறிவைப் போற்றிப் பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. போற்றுவதோடு நின்றுவிட்டால் இரண்டு கேள்விகள் விடையின்றிப் போகும். இவ்வறிவு தோட்டப்புறத்தில் ஏன் அவ்வளவு தேவைப்பட்டது? தேவைப்பட்டு வளர்ந்த அறிவு ஓரிரு தலைமுறைக்குள் ஏன் தளர்ந்தது? இரண்டுக்கும் விடை நிலத்தில் இருக்கிறது.

அறிவு வந்த வழி

பேராக்கில் ரப்பர் பயிரின் தொடக்கம் கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டில் நடப்பட்ட கன்றுகளோடு தொடர்புடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் ரப்பருக்கு ஏற்பட்ட பெருந்தேவை காடுகளைத் தோட்டங்களாக்கியது. அத்தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கக் கங்காணிகள் தமிழகம் சென்றனர். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து மக்கள் வந்தனர். 1907ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட குடியேற்ற நிதி அவர்களின் பயணச் செலவை ஏற்றது. உதவி பெற்ற இக்குடியேற்றத்தை 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு நிறுத்தியது.

வந்தவர்களில் மிகப் பலர் நிலமற்ற உழவுத் தொழிலாளர். சொந்த மண் இல்லாவிடினும் மண்ணின் குணம் அறிந்தவர்கள். நாற்று விடவும், களை பறிக்கவும், கன்று ஈனும் மாட்டைக் கவனிக்கவும் தெரிந்தவர்கள். கப்பலில் அவர்கள் கொண்டுவந்த மூட்டை சிறியது. கைப்பழக்கமாகவும் சொல்லாகவும் உடன் வந்த அறிவோ பெரியது.

ஒரு சட்டம், இரண்டு உரிமைகள்

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு தோட்ட நிர்வாகங்களுக்கு விதித்த கடமைகளுள் இரண்டு இங்கே நினைக்கத்தக்கவை. ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அங்கே பள்ளி நடத்த வேண்டும் என்பது ஒன்று. குடும்பத்தாரை உடைய ஒவ்வொரு தொழிலாளிக்கும் பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ ஒரு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்பது மற்றொன்று.

பதினாறில் ஒரு பங்கைத் தமிழ்க் கணக்கு மாகாணி என்று சொல்லும். வீசம் என்பதும் அதுவே. ஏக்கரில் மாகாணி என்றால் ஏறத்தாழ 2,720 சதுர அடி. நூற்றுக்கணக்கான ஏக்கர்ப் பரப்புள்ள தோட்டத்தில் அது மிகச் சிறிய துண்டு. சட்டத்தில் எழுதியது எல்லா இடத்திலும் ஒரே அளவில் கைக்கு வந்துவிடவுமில்லை. லயத்தின் பின்புறமும், ஓடைக்கரையும், சரிவும், வேறு பயிருக்கு ஆகாத மேடு பள்ளமுமே பெரும்பாலும் தொழிலாளிக்குக் கிடைத்தன. நம் நாட்டுத் தமிழில் 'தோட்டம்' என்றால் கம்பெனியின் ரப்பர்த் தோட்டம் என்பதே முதற்பொருள் ஆகிவிட்டதால், குடும்பத்தின் சிறு துண்டை இவ்வுரையில் 'கொல்லை' என்று குறிக்கிறேன்.

கொல்லையில் விளைந்த கலைகள்

கொல்லையின் முதற்பாடம் இடமறிதல். கொடி ஏறும் பாகலுக்கும் புடலைக்கும் அவரைக்கும் பந்தல்; பரந்து ஓடும் பூசணிக்கு வேலியோரம்; நிழலிலும் தழைக்கும் கீரைக்குப் பந்தலின் அடி. ஒரே துண்டில் நிலத்தின் கீழ் மரவள்ளியும் வள்ளியும், நிலத்தின் மேல் கத்தரியும் வெண்டையும், தலைக்கு மேல் முருங்கையும் அகத்தியும் என அடுக்கடுக்காகப் பயிர் நின்றது. மாகாணி நிலம் பெரிதானது இவ்வகையில்தான்.

இரண்டாம் பாடம் இனம்பெருக்கல். முருங்கையைப் போத்து வெட்டி நட்டனர். மரவள்ளியைத் தண்டுத் துண்டால் பெருக்கினர். கறிவேப்பிலையை வேரில் கிளைக்கும் கன்றால் வளர்த்தனர். கத்தரிக்கும் பூசணிக்கும் வேறு முறை. நன்கு காய்த்த செடியில் ஒரு காயைப் பறிக்காமல் பழுக்க விட்டு, விதையைக் கழுவிச் சாம்பலில் புரட்டி உலர்த்துவர். கிந்தாப் பள்ளத்தாக்கில் நீண்ட கோடை கிடையாது. ஆண்டு முழுதும் மழையும் ஈரமும் உண்டு. தமிழகத்து வெயிலில் எளிதாக நடந்த வேலை இங்கே கடினமாயிற்று. ஆகவே விதை அடுப்படிக்கு வந்தது. அடுப்பின் சூடும் புகையும் படும் இடத்தில் வைத்தால் பூஞ்சணமும் வண்டும் அணுகா. பழைய அறிவு புதிய தட்பவெப்பத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டதற்கு இது நல்ல சான்று.

மூன்றாம் பாடம் கால்நடை. தோட்டத் தமிழர் வளர்த்த மாடுகள் இந்நாட்டுக் கால்நடைத் துறையின் ஏடுகளில் 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்ற தனி வகையாகவே இடம்பெற்றுள்ளன. பால் பிள்ளைகளுக்கும் விற்பனைக்கும் ஆயிற்று. மோர் கஞ்சிக்கு ஆயிற்று. சாணம் பாத்திக்கு எருவாயிற்று. பாத்தியில் முற்றிய கீரைத்தண்டு மீண்டும் மாட்டுக்குப் போயிற்று. எதுவும் வீணாகாத இந்தச் சுழற்சி விலைகொடுத்து வாங்கும் உரத்தின் தேவையைக் குறைத்தது.

வீட்டுக்குள்ளும் இதே ஒழுங்கு இருந்தது. பழைய ரப்பர் மரம் விறகாயிற்று. ஒட்டுப்பால் துண்டு அடுப்புப் பற்றவைக்க உதவியது. தென்னை ஈர்க்கு துடைப்பமாகவும் கொட்டாங்கச்சி அகப்பையாகவும் உருமாறின. மண்ணெண்ணெய்த் தகரம் நீர்க்குடமாகவும் நாற்றுத் தொட்டியாகவும் மறுபிறவி எடுத்தது. அயலாரிடமிருந்து கற்கவும் இவர்கள் தயங்கவில்லை. மலாய்க்காரரின் மரவள்ளிக் கொழுந்துச் சமையலும், சீனக் காய்கறித் தோட்டக்காரரின் மேட்டுப்பாத்தி முறையும் தமிழர் கொல்லைக்குள் நுழைந்தன.

இவ்வேலைகளின் பெரும்பங்கு பெண்களுடையது. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்குச் சென்று, நண்பகலுக்குப் பின் பால் நிறுத்துவிட்டுத் திரும்பிய பெண்ணே மாலையில் கொல்லைக்கும் தண்ணீர் ஊற்றினாள். கூலிக் கணக்கில் ஏறாத இந்த மணிநேரங்கள்தாம் தற்சார்பின் உண்மையான முதலீடு.

சோதனைக் காலங்கள்

இவ்வறிவின் மதிப்பு நெருக்கடியில் வெளிப்பட்டது. 1920களின் இறுதியில் முதன்மைத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியாக இருந்தன. உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை சரிந்தபோது 1930ஆம் ஆண்டில் அவை 40, 32 காசாகக் குறைந்தன, பின்னரும் இறங்கின. வேலையிழந்த பல்லாயிரவர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சியவர்களின் அரைக்கூலிக்குக் கொல்லை துணை நின்றது.

அடுத்த சோதனை இன்னும் கொடியது. 1941 டிசம்பர் இறுதியில் ஈப்போ ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து வந்த அரிசியையே மலாயா பெரிதும் நம்பியிருந்தது, அவ்வரவு அருகிற்று. ரப்பருக்குச் சந்தை இல்லை. ஆகவே கூலியும் இல்லை. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் சோற்றின் இடத்தைப் பிடித்தன. மரவள்ளியின் கசப்பு வகையில் நஞ்சுண்டு. தோலை நீக்கி, ஊறவைத்து, வேகவைத்த நீரை வடித்துக் கொட்டத் தெரிந்தவருக்கே அது உணவு. சாக்குத்துணி உடையாயிற்று, தேங்காயெண்ணெயும் செம்பனை எண்ணெயும் விளக்கெரித்தன.

ஆயினும் தற்சார்பு எல்லாரையும் காத்தது என்று சொல்வது வரலாறாகாது. கிழங்கு வயிற்றை நிரப்பியதே அன்றி உடலுக்கு வேண்டிய புரதத்தைத் தரவில்லை. ஊட்டக்குறைவு நோய்களும் புண்களும் பரவின. தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். 1931ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் மலாயாவில் ஏறத்தாழ 6 லட்சத்து 20 ஆயிரமாக இருந்த இந்தியர் தொகை 1947ஆம் ஆண்டில் 6 லட்சமாகக் குறைந்திருந்தது. மந்தக்காலத் திருப்பி அனுப்புதலும் போர்க்கால மரணமும் சேர்ந்த குறைவு இது.

மருத்துவத்திலும் இதே அளவுகோல் வேண்டும். கற்பூரவல்லியும் தூதுவளையும் சளிக்கு இதம் தந்தன. பிள்ளை பெற்றவளுக்குச் சுக்கும் மிளகும் பூண்டும் சேர்ந்த பத்திய உணவு தெம்பளித்தது. ஆனால் தோட்டங்களில் கொத்துக் கொத்தாக உயிர் பறித்த மலேரியாவை அடக்கியவை வடிகால் பணியும் கொயினாவுமே. பாட்டியின் கைவைத்தியத்தை மதிப்பதற்கு அதன் எல்லையை மறைக்க வேண்டியதில்லை.

கூலியும் கொல்லையும்

இன்னொரு கசப்பான உண்மையையும் மாணவர்கள் அறிய வேண்டும். குடும்பமொன்று கீரையும் பாலும் கிழங்கும் தானே விளைவித்துக்கொண்டால், அக்குடும்பத்துக்குக் குறைந்த கூலி போதும் என்று நிர்வாகம் கருத இடமுண்டு. கொல்லை தொழிலாளியின் வயிற்றைக் காத்ததோடு முதலாளியின் செலவையும் குறைத்தது. அந்நிலம் தொழிலாளிக்குச் சொந்தமும் அன்று. வேலை போனால் லயம் போகும். லயத்தோடு இருபதாண்டு வளர்த்த முருங்கையும் போகும். சொந்த உழைப்பால் செழித்த மண்ணில் சொந்தம் கொண்டாட முடியாத நிலையில் விளைந்த தற்சார்பு அது. முன்னோரின் திறனை வியக்கும்போது அத்திறனை அவர்கள்மேல் சுமத்திய வறுமையை மறந்துவிடலாகாது.

நிலம் நழுவியது

1948ஆம் ஆண்டில் அண்டையிலுள்ள சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தோட்ட லயங்கள் பல வேலிக்குள் ஒருங்கு சேர்க்கப்பட்டன. உணவுப் பொருளை வெளியே கொண்டுசெல்வது கட்டுப்பாட்டுக்கு உள்ளாயிற்று; எட்ட இருந்த கொல்லைகள் கைவிடப்பட்டன.

அடுத்து வந்தது தோட்டத் துண்டாடல். 1950களில் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர் துண்டு போட்டு விற்றனர். தொழிலாளர் வேலையையும் இருப்பிடத்தையும் ஒருங்கே இழந்தனர். இதற்கு மாற்றாக, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் மாதம் பத்து வெள்ளி வீதம் சேர்த்த பணத்தில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலாவதாக வாங்கப்பட்டது. நிலமில்லாத உழைப்பு நிலைக்காது என்பதைத் தொழிலாளரே உணர்ந்து எடுத்த முயற்சி என்ற வகையில் அது தற்சார்பு வரலாற்றின் முக்கியமான பக்கம்.

பின்னர் ரப்பர் சாய்ந்து செம்பனை எழுந்தது. மாடு இளஞ்செம்பனையைத் தின்னும் என்பதால் பல தோட்டங்களில் மாடு வளர்ப்புக்குத் தடை வந்தது. ஈப்போ விரிந்தபோது தோட்டங்கள் தாமான்களாயின. மக்கள் மலிவு வீடுகளுக்கும் அடுக்ககங்களுக்கும் பெயர்ந்தனர். அங்கே குழாய்நீரும் மின்சாரமும் கிடைத்தன; மண் கிடைக்கவில்லை. இளையோர் சோம்பலால் இவ்வறிவை இழந்தனர் என்பது நியாயமற்ற குற்றச்சாட்டு. கைக்குப் பழக்கம் தரும் நிலமே அவர்கள் காலடியில் இல்லை.

பள்ளியின் பங்கு

நிலம் போனபோது சொற்களும் உடன் போயின. முறம் ஒன்றைக் கொண்டு செய்யும் வேலைகளுக்குத் தமிழில் புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், நாவுதல் எனப் பல வினைகள் உண்டு. உமியை, நொய்யை, கல்லைப் பிரிக்கும் கை அசைவுகள் வேறுவேறு என்பதால் சொற்களும் வேறுவேறாயின. போத்து, பதியன், கிடாரி, சீம்பால், கடும்பு, உறி, மத்து ஆகியவையும் அவ்வகையினவே. அகராதியில் இவை உள்ளன. பிள்ளைகளின் நாவில் இல்லை. செயல் நின்றால் சொல் நெடுநாள் நிற்பதில்லை.

இங்கே 1923ஆம் ஆண்டின் சட்டத்தை மீண்டும் நினைக்க வேண்டும். அது பள்ளியையும் மாகாணி நிலத்தையும் ஒருசேரத் தந்தது. நிலம் மறைந்தது, பள்ளி எஞ்சியது. தஞ்சோங் ரம்புத்தானிலும் தோட்டம் குலைந்த பல ஊர்களிலும் தமிழ்ப்பள்ளி நிற்கிறது. பெரும்பாலான பள்ளிகளில் சிறிதளவேனும் மண்ணும் இருக்கிறது. கொல்லை கற்பித்ததைக் கற்பிக்கும் கடமை இன்று பள்ளிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அதற்குப் பெருந்திட்டம் வேண்டுவதில்லை. பள்ளி வளாகத்தில் பாத்தி ஒன்று போதும். அதில் விளைவதில் ஒரு காய் விதைக்கு விடப்படட்டும். லயத்தில் வாழ்ந்த பெரியவர் ஒருவரை மாணவர் அணுகி, அவர் செய்த ஒரு வேலையை முதலிலிருந்து முடிவுவரை அவர் சொற்களிலேயே எழுதி வரட்டும். 'என்ன செய்தீர்கள் பாட்டி?' என்பதோடு நில்லாமல், 'அந்த நிலம் யாருடையது? வேலை முடிந்து எத்தனை மணிக்கு வந்தீர்கள்? அந்த நிலம் எப்போது கைவிட்டுப் போயிற்று?' என்றும் கேட்கட்டும். முதற்கேள்வி கலையைப் பதிவு செய்யும்; மற்றவை வரலாற்றைப் பதிவு செய்யும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது பல வீடுகளில் தொட்டிகளில் கீரை முளைத்ததைக் கண்டோம். விருப்பம் மறையவில்லை, வழிகாட்டத் தெரிந்த கைகள்தாம் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. லயத்தில் வளர்ந்து கொல்லையில் உழைத்தவர்களுள் பலர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். அவர்களிடம் கேட்டு எழுதும் பணியை அடுத்த பள்ளி விடுமுறைக்குள் தொடங்கிவிடுவது நல்லது.