கொற்கைக் கழிமுக ஈரநிலம்

தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணி மன்னார் வளைகுடாவில் கலக்குமிடத்தைச் சுற்றியுள்ள குளங்கள், வயல்கள், உப்பளங்கள், அலையாத்திக் காடுகள் அடங்கிய நிலப்பகுதி. பாண்டியரின் துறைமுகமாயிருந்த கொற்கை இன்று கடலிலிருந்து சுமார் 6 கி.மீ. உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூர். துறைமுகத்தைத் தூர்த்ததும், நீர்ப்பறவைகள் இரை தேடும் சேற்றுநிலத்தை உண்டாக்கியதும் ஆற்று வண்டல்தான்.

வரலாறு

கொற்கை முத்தை அகநானூறும் மதுரைக்காஞ்சியும் பாடுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், இங்கே தண்டனை பெற்ற கைதிகள் முத்துக் குளித்ததாகக் கூறுகிறது. கடல் விலக விலக வணிகம் காயலுக்கு (இன்றைய பழையகாயல்) நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ சிறப்பித்து எழுதியது அந்தக் காயலைத்தான். அதுவும் தூர்ந்தபின் போர்த்துக்கீசியர் காலத்தில் ஆற்றுவாயிலுள்ள புன்னைக்காயலும், பின்னர் தூத்துக்குடியும் தலையெடுத்தன. முத்துக் குளிப்பு தூத்துக்குடியில் 1961 வரை நடந்தது.

இந்த இடப்பெயர்ச்சியை 1870களில் கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து பார்த்து விளக்கியவர் மொழியறிஞர் கால்டுவெல். 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த மாதிரி, கரிமக் கணிப்பில் கி.மு. 785 எனக் காலம் காட்டியது. 2021இல் அகழாய்வு மீண்டும் நடந்தது.

பறவைகள்

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டே தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு. அதன் வடகாலும் தென்காலும் நிரப்பும் குளங்களில் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன் ஆகியவை மேய்கின்றன. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை குளிர்காலத்தில் வலசை வருகின்றன. உப்பளங்களில் பூநாரைகளைக் காணலாம். 2011 முதல் ஆண்டுதோறும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது.

பாதுகாப்பு

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989இல் அறிவிக்கப்பட்ட உயிர்க்கோளக் காப்பகம் ராமேஸ்வரம் முதல் கன்னியாகுமரி வரை நீள்கிறது. 2022இல் அது ராம்சார் உடன்படிக்கையின் கீழ் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலம் என்ற தகுதி பெற்றது. கொற்கையோ தேசியப் பூங்காவுக்கு வெளியே உள்ளது. இப்பகுதிக் குளங்களில் நீர் தேக்கப்படுவது நெல்லுக்கும் வாழைக்கும்; பறவைகள் அந்தப் பாசனத்தை அண்டி வாழ்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் குளங்கள் பெருகியபின், ஜனவரி மாதமே பறவை காண ஏற்ற காலம். தூத்துக்குடி–திருச்செந்தூர் சாலையில் பழையகாயலை ஒட்டிய உப்பளங்களையும், கிளைவழியே சென்று கொற்கை, புன்னைக்காயல் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.